செய்தி ஊடகங்களை நான் நம்பாதது நியாயமா, வெறும் பழக்கமா? – 17 வயதுப் பழமைவாதி ஒருவனின் கேள்வி

மாணவன்17 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவன். உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் படிக்கிறேன். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ் என்பதால் நடை பாடப்புத்தகம் போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2026 நவம்பரில் நடக்கவிருக்கும் இடைக்காலத் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். அதற்கு முன் ஒரு விஷயத்தில் எனக்குத் தெளிவு வேண்டியிருக்கிறது.

அரசியலில் நான் பழமைவாதப் பக்கம் நிற்பவன். அரசாங்கம் அளவோடு இருக்க வேண்டும், நாட்டின் கடன் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டிய பிறகும் இரு கட்சிகளும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது என் தலைமுறைக்குச் செய்யும் அநீதி, எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது என்பதைப் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் நினைக்கிறேன். குடியேற்றத்தில் சட்டப்படி வரிசையில் நிற்பவருக்கே முதலிடம் என்பதும் என் கருத்து. இந்தக் கடைசிக் கருத்தை எந்தத் தொலைக்காட்சியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேலைவாய்ப்பு வழியாகத் தரப்படும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்ற வரம்பினால் என் பெற்றோர் பல ஆண்டுகள் காத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இனி என் குறைக்கு வருகிறேன். எங்கள் நடப்பு நிகழ்வுகள் வகுப்பில் மாணவர்கள் முறை வைத்து ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து பேச வேண்டும். பள்ளித் தேர்வுரிமை பற்றி ‘நேஷனல் ரிவ்யூ’ என்ற பழமைவாத இதழில் வந்த ஒரு கட்டுரையை நான் அச்செடுத்துக் கொடுத்தேன். ஆசிரியர் மேலே இருந்த இதழின் பெயரைப் பார்த்தார். முதல் பத்தியைக்கூடப் படிக்காமல், நடுநிலையான இடத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவரும்படி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே வகுப்பில், இடதுசாரிச் சாய்வு ஊரறிந்த வேறொரு இதழின் கட்டுரை எந்தக் கேள்வியும் இல்லாமல் பலகையில் ஒட்டப்பட்டது. வகுப்பில் நடந்ததைத்தான் நாட்டின் ஊடகங்களிலும் பார்க்கிறேன்.

மூன்று நிகழ்வுகளை மட்டும் சொல்கிறேன். 2019 ஜனவரியில் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன், டிரம்ப் ஆதரவுத் தொப்பி அணிந்த கென்டக்கிப் பள்ளி மாணவன் ஒருவன் பழங்குடிப் பெரியவர் ஒருவரை ஏளனம் செய்ததாக ஒரு துண்டுக் காணொளியை வைத்து நாடே அவனைத் தூற்றியது. முழுக் காணொளி வெளிவந்தபோது, வேறொரு குழுவினர் அதற்கு முன்பே அந்த மாணவர்களை வசைபாடிக்கொண்டிருந்ததும், பெரியவர்தான் முரசு கொட்டியபடி மாணவர்களுக்கு நடுவே வந்தார் என்பதும் தெரிந்தது. அவனுக்கு அப்போது வயது 16. இரண்டாவது, 2020 அக்டோபரில் ‘நியூயார்க் போஸ்ட்’ நாளிதழ், ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடனின் மடிக்கணினியில் இருந்த மின்னஞ்சல்களைப் பற்றி வெளியிட்ட செய்தி. அதன் இணைப்பையே பகிர விடாமல் ட்விட்டர் தடுத்தது. 2022 மார்ச்சில்தான் பெரிய நாளிதழ்கள் அதிலிருந்த மின்னஞ்சல்களில் பல உண்மையானவை என்று உறுதி செய்தன. மூன்றாவது, அப்போது அதிபராக இருந்த ஜோ பைடனின் தள்ளாமை. டிரம்புடன் அவர் மோதிய 2024 ஜூன் 27 விவாதத்தை நேரலையில் பார்த்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒன்று, அரசியலே தொழிலாக இருக்கும் செய்தியாளர்களுக்கு அதற்கு முந்தைய நாள் வரை தெரியாமல் போனது எப்படி?

ஆகவே நான் பெரும்பாலும் வலதுசாரி வலையொலிகளையும் குறுங்காணொளிகளையும்தான் பின்தொடர்கிறேன். என் அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது ஆராய்ந்து எடுத்த முடிவா, இல்லை நண்பர்களோடு சேர்ந்து ஒட்டிக்கொண்ட பழக்கமா என்ற ஐயம் அவ்வப்போது வருகிறது. பெரியவர்கள் உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். “வளர்ந்தால் மாறிவிடுவாய்” என்பதை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதை ஏற்கெனவே போதிய அளவு கேட்டுவிட்டேன்.

---

பழைய மேசை எழுதியது:

தம்பி, செய்தி ஆசிரியர் மேசையில் பல காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வளர்ந்தால் மாறுவாயா என்பது எனக்குத் தெரியாது. என்னோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு திசையிலும் மாறியவர்கள் உண்டு.

நீ அடுக்கிய மூன்றும் ஒரே இனத்துத் தவறுகள் அல்ல என்பதிலிருந்து தொடங்குகிறேன். கென்டக்கி மாணவன் விஷயத்தில் நடந்தது அவசரம். சமூக ஊடகத்தில் ஓடிய துண்டுக் காணொளியை யாரும் மூலத்தைத் தேடாமல் எடுத்துக்கொண்டார்கள். அதற்கான விலையையும் கொடுத்தார்கள்: சி.என்.என். 2020 ஜனவரியிலும் வாஷிங்டன் போஸ்ட் அதே ஆண்டு ஜூலையிலும் அந்த மாணவன் தொடுத்த வழக்குகளில் சமரசத்துக்கு வந்தன. மற்ற பல நிறுவனங்கள் மீதான வழக்குகள் 2022-இல் தள்ளுபடியாயின என்பதையும் சேர்த்தே நீ நினைவில் வைக்க வேண்டும். மடிக்கணினி விஷயத்தில் இணைப்பைத் தடுத்தது ஒரு சமூக ஊடக நிறுவனம். அதன் தலைவரே பின்னர் அந்த முடிவு தவறு என்று ஏற்றுக்கொண்டார். நாளிதழ்களின் பங்கு, தாங்கள் சரிபார்க்க முடியாத செய்தியைத் தொடத் தயங்கியது. அந்தத் தயக்கம் எதிர்த்தரப்புச் செய்தி என்றால் இருந்திருக்குமா என்று நீ கேட்டால், இருந்திருக்காது என்றுதான் நானும் சொல்வேன். பைடன் விஷயம்தான் மூன்றிலும் மோசமானது, ஏனென்றால் அதில் அவசரமும் இல்லை, ஆவணக் குறைவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க மனம் வரவில்லை. ஆயினும் விவாதத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ செய்திப் பக்கத்தில் அவருடைய தடுமாற்றங்களைப் பற்றி விரிவாக எழுதியது. அதை எழுதியவர்களும் நீ நம்பாத அதே தொழிலைச் சேர்ந்தவர்கள்தான்.

சாய்வு எங்கே ஒளிந்திருக்கும் என்பதைச் சொல்கிறேன். இதை வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். அப்பட்டமான பொய் எங்கள் மேசையைத் தாண்டுவது அரிது. ஒரு மாநிலச் சட்டமன்றம் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் சட்டம் ஒன்றை நிறைவேற்றுகிறது என்று வைத்துக்கொள். செய்தியின் முதல் பத்தியில் சட்டம் நிறைவேறியது என்று இருக்கும். இரண்டாம் பத்தியில் அதனால் அரசுப் பள்ளிகளின் நிதி குறையும் என்ற அச்சம் வரும். மூன்றில் ஆசிரியர் சங்கத் தலைவர் பேசுவார், நான்கில் கவலைப்படும் ஒரு தாய் பேசுவார். சட்டத்தைக் கொண்டுவந்த உறுப்பினர் பதினொன்றாம் பத்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. திருத்தம் கோரி நீ கடிதம் எழுதினால் எதைத் திருத்துவது என்று ஆசிரியர் உண்மையாகவே கேட்பார். ஆகவே ஒரு செய்தியைப் படிக்கும்போது யார் எந்தப் பத்தியில் வருகிறார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துப் பார். அதே கணக்கை உனக்குப் பிடித்த தளத்தின் செய்திக்கும் போட்டுப் பார்.

உன் பக்கத்தில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 நவம்பர் 3 இரவு, அரிசோனாவில் பைடன் வென்றார் என்று மற்ற எல்லா நிறுவனங்களுக்கும் முன்னால் அறிவித்தது வலதுசாரிச் செய்தி நிலையமான ஃபாக்ஸ் நியூஸ். சில மணி நேரம் கழித்து ஏ.பி. செய்தி முகமை அதையே அறிவித்தது, மற்ற தொலைக்காட்சிகள் பல நாட்கள் காத்திருந்தன. இறுதி வித்தியாசம் 10,457 வாக்குகள் என்பதால் அது அவசர அறிவிப்பு என்று துறைக்குள்ளேயே விமர்சனம் இருந்தது. ஆனால் முடிவு சரி. அந்தச் சரியான அறிவிப்புக்காக நேயர்கள் கோபித்துக்கொண்டு வேறு அலைவரிசைகளுக்குப் போனார்கள். போனவர்களை மீட்கும் பதற்றத்தில் வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியனைப் பற்றிய ஆதாரமற்ற குற்றச்சாட்டுகள் அந்த நிலையத்தில் ஒளிபரப்பாயின. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து அவ்வழக்கை முடிக்க வேண்டியதாயிற்று. ஊடகம் நேயரைக் கெடுக்கிறது என்று நாம் பேசுகிறோம். இங்கே நேயர்கள் ஊடகத்தைக் கெடுத்தார்கள்.

---

வடகரை எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவள். தம்பியின் கேள்வியில் இருக்கும் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் ‘ஊடகம்’ என்றாலே அது முழுவதும் எதிர்முகாம் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

1949 முதல் 1987 வரை வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடம் தர வேண்டும் என்று மத்திய தகவல் தொடர்பு ஆணையத்தின் விதி ஒன்று இருந்தது. ரீகன் ஆட்சியில் அதை நீக்கினார்கள். 1988-இல் பழமைவாதப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுவதற்கும் போனது. 1996-இல் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. பல ஆண்டுகளாகக் கேபிள் செய்தி நிலையங்களில் அதிகம் பேர் பார்ப்பது அதைத்தான். இவ்வளவு பெரிய ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு குரலற்றவர்கள் என்று சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆசிரியர் செய்தது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒரு கட்டுரையைப் படிக்காமல் திருப்பிக் கொடுப்பவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நல்ல ஆசிரியர் அல்லர்.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. அதிகாரம் வாஷிங்டனில் குவியக் கூடாது, மக்களுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது பழமைவாதிகளின் அடிப்படை வாதம். ஆனால் தம்பி எழுதிய மூன்று எடுத்துக்காட்டுகளும் வாஷிங்டன் அரசியலைச் சுற்றியவை. 2005-க்குப் பிறகு இந்நாட்டின் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடப்பட்டுவிட்டன. மூடியவற்றில் பெரும்பாலானவை சிறு ஊர்களின் வார இதழ்கள். சொத்து வரி விகிதத்தையும் பள்ளிப் பாடத்திட்டத்தையும் காவல் துறைக்கான ஒதுக்கீட்டையும் முடிவு செய்யும் கூட்டங்களில் இன்று செய்தியாளர் நாற்காலி காலியாக இருக்கிறது. தம்பி, உங்கள் மாவட்டப் பள்ளி வாரிய உறுப்பினர் ஒருவரின் பெயரைப் பார்க்காமல் சொல்ல முடியுமா? பெற்றோரின் உரிமை பற்றிப் பேசுகிறவனுக்கு, அந்த உரிமை எங்கே வாக்கெடுப்புக்கு வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

---

மேப்பிள் நிழல் எழுதியது:

நான் தம்பியின் பக்கம் நிற்பவன். ரீகன் காலத்துக் குடியரசுக் கட்சியைப் பார்த்து அரசியலுக்கு வந்தவன். வடகரை அம்மையார் சொன்ன ஒலிபெருக்கி வாதத்துக்கு ஒரு பதில் உண்டு. வலதுசாரி நிலையம் ஒன்று பெரிதாக இருப்பதும், பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ‘நடுநிலை’ என்று முத்திரை குத்தப்பட்ட இதழ்கள் எவை என்பதும் வேறு வேறு விஷயங்கள். தம்பியின் புகார் இரண்டாவதைப் பற்றியது. கேலப் நிறுவனத்தின் 2024 கணக்கெடுப்பில் ஊடகங்கள் மீது போதிய நம்பிக்கை உண்டு என்று சொன்ன குடியரசுக் கட்சியினர் 12 விழுக்காடு, ஜனநாயகக் கட்சியினர் 54 விழுக்காடு. இவ்வளவு பெரிய இடைவெளியை ஃபாக்ஸ் நியூஸின் கைவரிசை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

ஆனால் தம்பி, நம் வீட்டுக்குள் பேச வேண்டியதை நம் வீட்டுக்குள் பேசுவோம். கடனைப் பற்றி எழுதியிருக்கிறாய். 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம் பத்து ஆண்டுகளில் பற்றாக்குறையை ஏறத்தாழ 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது. நீ பின்தொடரும் வலையொலிகளில் எத்தனை பேர் அந்த எண்ணை உச்சரித்தார்கள்? குடியேற்றத்தில் ரீகன் 1986-இல் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியாக, அனுமதியின்றி இங்கே இருந்த சுமார் 27 லட்சம் பேர் சட்டப்பூர்வ நிலை பெற்றார்கள். அது சரியா தவறா என்பதில் நம் கட்சிக்குள் இன்றும் சண்டை உண்டு. ஆனால் அப்படி ஒரு சட்டம் இருந்ததே தெரியாத இளைஞர்கள் ரீகனின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ உன் கொள்கையின் பக்கமா, அணியின் பக்கமா என்பது, அணி கொள்கையை மீறும் நாளில்தான் தெரியவரும்.

அப்படி ஒரு நாள் 2025 செப்டம்பரில் வந்தது. ‘டர்னிங் பாயிண்ட்’ என்ற பழமைவாத மாணவர் அமைப்பை 18 வயதில் தொடங்கிய சார்லி கர்க் அம்மாதம் 10-ஆம் தேதி யூட்டாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். உன் வயதினர் பலருக்கு அது வீட்டில் விழுந்த இழவு போல இருந்திருக்கும். உன் கைப்பேசியிலும் அந்தக் காணொளி கேட்காமலேயே ஓடியிருக்கும். அடுத்த வாரம், அக்கொலை தொடர்பாகத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வரும் தன் நிகழ்ச்சியில் பேசியதற்காக, தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார் நிலையங்களை நோக்கி எச்சரிக்கை தொனிக்கப் பேசினார்; ஏ.பி.சி. அந்நிகழ்ச்சியைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தது. கிம்மல் சொன்னது எனக்கு அருவருப்பாகவே இருந்தது. ஆனாலும் உரிமம் வழங்கும் அதிகாரி ஒருவர் என்ன ஒளிபரப்பலாம் என்று மிரட்டலாம் என்றால், நாளை அதே நாற்காலியில் எதிர்க்கட்சிக்காரர் உட்காரும்போது நாம் எதைச் சொல்லி எதிர்ப்போம்? நம் கட்சியின் செனட்டர் டெட் குரூஸ் அன்று இதையே வெளிப்படையாகச் சொன்னார்; அவரை யாரும் இடதுசாரி என்று சொல்ல மாட்டார்கள். மடிக்கணினிச் செய்தி தடுக்கப்பட்டபோது நீ கொண்ட கோபத்தை அந்த வாரத்திலும் உன்னால் கொள்ள முடிந்ததா என்று யோசித்துப் பார்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

உயர்நிலைப் பள்ளியில் குடிமையியல் நடத்துகிறேன். சுருக்கமாக ஒன்று மட்டும்.

செய்தியைப் பற்றிய சண்டையில் பாதி, மூலத்தைப் படித்தால் தீர்ந்துவிடும். மூலம் இந்நாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. மசோதாக்களின் முழு வாசகம் காங்கிரஸின் இணையதளத்தில் இருக்கிறது. சி-ஸ்பான் தொலைக்காட்சி 1979 முதல் பிரதிநிதிகள் சபையை வெட்டாமல் ஒட்டாமல் காட்டுகிறது. உச்ச நீதிமன்ற வாய்மொழி வாதங்களை 2020 மே முதல் நேரலையாகவே கேட்கலாம். ஒரு வழக்கின் வாதத்தை ஒன்றரை மணி நேரம் முழுதாகக் கேட்டுவிட்டு, அன்று மாலை அதைப் பற்றி வரும் மூன்று நிமிடச் செய்தியையும் முப்பது விநாடிக் குறுங்காணொளியையும் பார். எது அதிகம் திரிக்கிறது என்று யாரும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்காது. என் மாணவர்களிடம் இதைச் செய்யச் சொன்னபோது இரு கட்சிப் பிள்ளைகளும் முகம் சுளித்தது குறுங்காணொளியைப் பார்த்துத்தான்.

உன் ஆசிரியரிடம், ‘நேஷனல் ரிவ்யூ’ கட்டுரையையும் அதற்கு எதிரான ஒரு கட்டுரையையும் சேர்த்துக் கொண்டுவர அனுமதி கேள். மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது.

---

மாணவன்17 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு நிதானமான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை.

பழைய மேசை ஐயா, நீங்கள் சொன்ன பத்திக் கணக்கை நேற்று இரவு ஒரே மசோதாவைப் பற்றிய இரண்டு செய்திகளில் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் ஆதரவாளர் ஒன்பதாம் பத்தியில் வந்தார். நான் வழக்கமாகப் படிக்கும் தளத்தின் செய்தியில் எதிர்ப்பாளர் வரவே இல்லை. ஆனாலும் ஒரு வேறுபாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன்: என் தளம் தன்னைப் பழமைவாதத் தளம் என்று முகப்பிலேயே அறிவித்துக்கொள்கிறது, மற்றது நடுநிலை என்று சொல்லிக்கொள்கிறது. சாய்வை மறைப்பது சாய்வைவிடப் பெரிய குறை என்பது என் எண்ணம்.

மேப்பிள் நிழல் ஐயா, செப்டம்பர் வாரத்தில் எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. அப்போது வேறு எதையும் யோசிக்கும் மனநிலையில் என் நண்பர்கள் யாரும் இல்லை. இப்போது கேட்டால், ஆணையத்தின் தலைவர் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்பேன். ஆனால் ஒரு நிறுவனம் தன் நிகழ்ச்சியைத் தானே நிறுத்த அதற்கு உரிமை உண்டு என்றும் சொல்வேன். இரண்டும் அந்த வாரத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அந்த 3.4 லட்சம் கோடி டாலரைப் பற்றி நான் கேட்கும் வலையொலிகளில் ஒன்றில் மட்டும் பேசினார்கள், அதுவும் அந்தக் கணக்கீட்டு முறையையே குறை சொல்வதற்காக.

வடகரை அம்மா, பள்ளி வாரியத்தில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டங்களில் என்ன முடிவாகிறது என்பதைப் பத்திரிகையே இல்லாத ஊரில் ஒரு மாணவன் எப்படித் தெரிந்துகொள்வது?

---

வடகரை எழுதியது:

நேராகப் போய் உட்கார்ந்துதான், தம்பி. திறந்த கூட்டச் சட்டம் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. சில விதிவிலக்குகளைத் தவிர வாரியம் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுக்க முடியாது. கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை வாரியத்தின் இணையதளத்தில் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அதோடு ஒரு ஆவணத் தொகுப்பும் இருக்கும். அந்தத் தொகுப்பைத்தான் படிக்க வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தங்களும் செலவுகளும் அதில்தான் இருக்கும். ‘ஒருமனதாக ஏற்கும் பட்டியல்’ என்று ஒரு பகுதி இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடாதே. விவாதம் இல்லாமல் ஒரே வாக்கில் நிறைவேற வேண்டியவற்றை அங்கேதான் போடுவார்கள். பொதுமக்கள் பேசுவதற்கும் பெரும்பாலான வாரியங்கள் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஒதுக்குகின்றன. பெயர் கொடுக்கும் விதிமுறை ஊருக்கு ஊர் மாறும், ஆகவே முதல் நாளே விசாரித்துக்கொள். நடந்ததை இங்கே வந்து எழுது. நீ எந்தப் பக்கத்துக்கு வாக்களித்தாலும் நான் படிப்பேன்.